முதுகுப் படங்கள்

நான் எடுத்த படங்களில் முகம் இருக்காது. தேடிப் பார்த்தால் ஒன்றிரண்டு கிடைக்கலாம். அதுவும் ஆள் திடீரென்று திரும்பியதால் விழுந்த முகமாக இருக்கும், நானாக எடுத்ததில்லை. பூக்கடை வரிசையில் குனிந்து பேரம் பேசும் முதுகுகள், பேருந்து நிலையத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும் முதுகுகள், கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் பிடரிகள், வியர்வையில் ஒட்டிய சட்டைகள், கொண்டையில் வாடிய கதம்பம். வெளியூர் போனாலும் இதேதான். திருமுக்கூடலில் மூன்று ஆறு சேரும் இடத்தில், தண்ணீர் இல்லாத மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போகிறவரின் முதுகு. கூரத்தில் ஏரிக்கரை மேல் ஆடு ஓட்டிப் போகிறவளின் முதுகு. ஒரு மழை நாளில் தாம்பரம் நடைபாலத்தில் நூற்றுக்கணக்கான குடைகள், அவற்றின் கீழே நூற்றுக்கணக்கான முதுகுகள்.

இதில் கலை ஒன்றும் இல்லை, பயம்தான். கேமராவைத் தூக்கி ஒருவர் முகத்துக்கு நேரே பிடித்தால் அவர் என்ன கேட்பார் என்பது எனக்கு முன்னாலேயே காதில் விழுந்துவிடும். ஒருமுறை காந்தி ரோட்டில் மல்லிகை விற்கிற அம்மா, எதுக்கு எடுத்தே, எவனுக்கு அனுப்பப் போறே என்று எழுந்தேவிட்டார். கூட்டம் கூடிற்று. படத்தை அவர் கண்ணெதிரே அழித்துக் காட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அழிந்ததா என்று பார்த்தேன், சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். கதவு பூட்டியிருக்கிறதா என்று நான் பார்ப்பதும் அப்படித்தான். என் மனைவி இதற்கெல்லாம் சிரிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

எட்டாவது பாதியில் படிப்பை விட்டவன் நான். பட்டுப் புடவைக் கடையில் வேலை. விரித்துக் காட்டுவேன், வேண்டாம் என்றால் மடித்து வைப்பேன். நாள் முழுக்க முகம் பார்க்கிற பிழைப்பு. இந்தம்மாவுக்கு இது பிடித்ததா, பிடிக்காமல்தான் தடவிப் பார்க்கிறாரா, கூட வந்தவர் உதட்டைச் சுளித்தாரா என்று முகத்தையே படித்துக்கொண்டிருக்க வேண்டும். விடுமுறை நாளில் முதுகைப் பார்த்தால் கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கும். கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் கழித்துப்போட்ட பழைய கேமரா என் கைக்கு வந்தபோது இப்படித்தான் ஆரம்பித்தது.

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயில் மதிலுக்குப் பின்னால் போகும் தெருவில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டில் தறி வைத்திருக்கிற அண்ணன். எனக்கு உறவில்லை, பழக்கத்தில் அண்ணன். வாய் கொஞ்சம் அதிகம். என் படங்களை போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "இன்னாபா, ஊரு முதுகையெல்லாம் நீதான் தேய்ச்சிவுடுறியா?"

தறிக்குழியிலிருந்து அவர் மனைவி சிரித்தது எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

அந்த அண்ணியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

தெருவில் அண்ணிக்கு ஒரு தனி வேலை உண்டு, பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளின் கட்டுதான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அடுத்த பாவைக் கொண்டுவந்து, பழையதன் ஒவ்வோர் இழை நுனியோடும் புதியதன் இழை நுனியைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முடிச்சு போடக் கூடாது, போட்டால் நெய்யும்போது அச்சின் பற்களில் மாட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு நுனியையும் வைத்து ஒரு உருட்டு, பிறகு கட்டைவிரலைப் பின்னால் மடக்கி ஒரு அழுத்து. பட்டு வழுக்கும் என்பதால் அவ்வப்போது விரலைச் சாம்பலில் தொட்டுக்கொள்வார்கள். அண்ணி அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார். பாவு வந்தது என்று எந்த வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்விடுவார். அவர் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும்.

பிறகு அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் பால் பொங்கி வழிந்தது, சாவி தொலைந்தது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே என்று விட்டார்கள். ஒருநாள் என் மனைவி மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் எடுக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். என் துண்டின் ஓர நூல்களும் பக்கத்தில் காய்ந்த அவளுடைய நூல்புடவையின் முந்தானை நூல்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு இழைகூட விட்டுப்போகவில்லை. அத்தனை ஒழுங்கு. அண்ணி எப்போது மாடிக்கு வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரிக்க மனம் வராமல் அதை ஒரு படம் எடுத்தேன். பிறகு கத்தரியால் வெட்டினோம்.

அதற்கப்புறம் அவர் கைக்கு எட்டிய எதையும் பிணைத்தார். பாய் ஓரத்தையும் தலையணை உறையையும், திரைச்சீலையையும் தன் முந்தானையையும். யார் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் பாவு வந்ததா என்று கேட்டார். மருத்துவரிடம் காட்டினார்கள். வயதுக்கு முந்தி வந்த மறதி, இனி கூடத்தான் செய்யும் என்று சொன்னதாக அண்ணன் சொன்னார். தறியில் உட்காரும்போது வெளிக்கதவைப் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தார்.

வைகாசி கருட சேவை அன்று தெருவே கோயில் பக்கம் போயிருந்தது. விடிவதற்கு முன்பே கூட்டம். அண்ணன் அவரையும் கையைப் பிடித்து அழைத்துப் போயிருந்தார். பெருமாளைப் பார்த்தால் கொஞ்சம் தெளியும் என்று ஒரு நம்பிக்கை. பெருமாளின் குடை வெளியே வந்தபோது ஒரு தள்ளுமுள்ளு. கும்பிடுவதற்காக அண்ணன் அவர் கையை விட்டார். கும்பிட்டு இறக்கிய கை வெறுமையாக இருந்தது. அவ்வளவு நேரம்தான்.

அன்று மத்தியானம் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காவல் நிலையத்தில் போட்டோ கேட்கிறார்கள், நோட்டீஸ் அடிக்கவும் வேண்டும் என்றார். அவர்கள் கல்யாணப் படத்தில் இருப்பது பதினெட்டு வயதுப் பெண். ஆதார் அட்டையில் இருப்பதோ யாருடைய முகமாகவும் இருக்கலாம், உதட்டை இறுக்கி, கண்ணை விரித்து, திருடியைப் போல. நீதான் எந்நேரமும் எடுத்துக்கொண்டிருப்பாயே, உன்னிடம் நல்லதாக ஒன்று இருக்குமே என்றார்.

உட்கார்ந்து தேடினோம். அண்ணி எத்தனையோ படங்களில் இருந்தார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போது எல்லோருடனும் குனிந்து நிற்கிறார். வாசலில் கோலம் போடுகிறார். தண்ணீர் லாரியில் குடம் பிடிக்கிறார். தீபாவளி அன்று புதுப்புடவையில் தெருமுனைக்கு நடந்து போகிறார். எல்லாவற்றிலும் முதுகு. எல்லாவற்றிலும் கழுத்துக்கு மேல் சற்று இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கொண்டை. அண்ணன் தள்ளத் தள்ள நான் அடுத்ததில் இருக்கும், அடுத்ததில் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆதார் படத்தைப் பெரிதாக்கித்தான் நோட்டீஸ் அடித்தார்கள். பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் ஒட்டினோம். மழையில் கரைந்தது, அதன்மேல் டியூஷன் விளம்பரம் வந்தது. அண்ணன் தறியை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனார். திருத்தணி, திருப்பதி, அரக்கோணம். ஆதரவற்றோர் இல்லம் என்று எங்கே கேள்விப்பட்டாலும் போனார். பிணவறைக்கும் ஓரிரு முறை போய்வந்தார், அதைப் பற்றிப் பேசமாட்டார். சொந்தக்காரர்கள் மெல்லப் பேச்சைத் திருப்ப ஆரம்பித்தார்கள். புரட்டாசி மகாளய அமாவாசை வருகிறது, ஒரு படத்தை வைத்து மாலை போட்டு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் அவளுக்கும் நல்லது, உனக்கும் நல்லது என்றார்கள். அவர் மாலை போடமாட்டேன் என்று சொல்லவில்லை. எந்தப் படத்துக்குப் போடுவது என்று மட்டும் கேட்டார். 

ஆவணியில் ஒரு விடுமுறைக்கு நான் திருவண்ணாமலை போனேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. கிரிவலப் பாதையில் பௌர்ணமி இல்லாத நாளில் நல்ல வெளிச்சமும் குறைந்த கூட்டமும் இருக்கும், படம் எடுக்க ஏற்றது. பாதை ஓரத்தில் ஒரு மதில். அதைப் பார்த்து, சாலைக்கு முதுகு காட்டி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். நரைத்த கொண்டை. மடியில் கிழிந்த துணிகள். பக்கத்தில் தொன்னையில் யாரோ கொடுத்த விபூதி. அதை விரல் நுனியால் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார். தோளுக்கு மேலாகக் கை மட்டும் தெரிந்தது. வெயில் அந்த விரல்களில் விழுந்திருந்தது. எடுத்தேன். நன்றாக வந்தது என்று எடுக்கும்போதே தெரிந்தது.

ஊரில் படம் எடுக்கிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர், வங்கியில் இருப்பவர் எல்லாம் உண்டு. தலைப்பு எழுதும்போது எழுத்துப் பிழை வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் ஒற்றைச் சொல்தான் வைப்பேன். இதற்கு 'பக்தி' என்று வைத்தேன். பலரும் கைகூப்பினார்கள். அந்தத் தைரியத்தில் போனில் ஸ்டேட்டஸாகவும் வைத்தேன்.

மறுநாள் காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது அண்ணன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டையில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது எங்க எடுத்தே?"

சொன்னேன்.

"பக்தின்னு போட்டுக்கிறே."

ஆமாம், விபூதி எடுத்துப் பூசிக்கொள்கிறார்கள் என்றேன்.

"பூசலபா. நல்லா பாரு. பெருசு பண்ணிப் பாரு. பிணைக்கிறா."

பெரிதாக்கினேன். படம் கொஞ்சம் உடைந்தது. ஆனாலும் தெரிந்தது. இரண்டு துணிகளின் ஓர நூல்கள். நடுவே ஆள்காட்டி விரல். பின்னால் மடங்கி அழுத்துகிற கட்டைவிரல். நுனியில் சாம்பல். பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் பார்த்த விரல். திருவண்ணாமலையில் பார்த்ததும் அது எனக்குப் பக்தியாகிவிட்டிருந்தது.

சோப்பு காய்ந்துபோய்க் கன்னம் இழுத்தது. கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அவருடன் கிளம்பினேன்.

வந்தவாசி வழியாகப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதில் அண்ணியின் நூல்புடவை ஒன்று, ரவிக்கை, சீப்பு, ஒரு பொட்டலம் பன். நான் கேட்காமலே எடுத்துக் காட்டினார். போய்ப் பார்த்ததும் குளிக்க வைத்துப் புடவை மாற்றித்தான் கூட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் பேருந்தில் ஏற்றமாட்டார்கள் என்றார். எந்த இடத்தில் குளிக்க வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.  ஏதோ கணக்குப் போடுகிறவர் போல உதடு மட்டும் அசைந்தது.

எனக்கு உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அது அண்ணியாக இருந்தால், நான் அவருக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். வெளிச்சம் சரியாக விழட்டும் என்று காத்திருந்து எடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் இத்தனை வருடம் பார்த்த மனுஷியை அடையாளம் தெரியாமல், டீ குடித்துவிட்டு, பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதைத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் சொல்லாவிட்டாலும் நினைப்பார். இதனால் அது அவராக இருக்கக் கூடாது என்று மனம் வேண்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணனோ அது அண்ணியாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். ஒரே இருக்கையில் இரண்டு பேர் இப்படி எதிரெதிரே வேண்டிக்கொண்டு போனோம். வந்தவாசி தாண்டிச் சேத்துப்பட்டில் நடத்துநர் டீ குடிக்க இறங்கியபோது நானும் இறங்கி நின்றேன்.

நான் எடுத்த இடத்தில் அவர் இல்லை. மதில் இருந்தது, தொன்னைகள் கிடந்தன. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், படத்தை நானே செய்து போட்டேனோ என்ற சந்தேகம்கூட இருந்தது போல எனக்குப் பட்டது. பாதை ஓரம் நடந்து கேட்டோம். இளநீர் விற்பவர் தெரியாது என்றார். சாமியார் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுக் காசு கேட்டார். டீக்கடை அம்மாதான், இந்த நூல்காரம்மாவா, வெயில் வந்தால் அந்தக் குளத்துப் பக்கம் மரத்தடிக்குப் போய்விடும் என்று கை காட்டினார். எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது, சோறு கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், யாரையும் தொந்தரவு பண்ணாது, துணியைக் கண்டால் மட்டும் விடாது என்றார்.

அண்ணன் வேகமாக நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

மரத்தடியில் அதே முதுகு. அதே கொண்டை, இடப்பக்கம் சாய்ந்திருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கை அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் அண்ணன் நின்றுவிட்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீ போப்பா. போய் மூஞ்சியப் பாரு."

நீங்களும் வாங்கண்ணே என்றேன்.

"எனக்குக் காலு வரல. நீ பார்த்துச் சொல்லு."

சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். வாழ்க்கையில் அப்படி ஒரு முகத்தை நேருக்கு நேர் பார்க்கப் போனதில்லை. அவர் கையிலிருந்த இழையை விடாமல் நிமிர்ந்தார். அகலமான நெற்றி, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அண்ணிக்குச் சின்ன முகம். இவர் அண்ணி இல்லை.

என் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது உண்மை. இறங்கின அந்த நொடியிலேயே அண்ணனைப் பார்த்தேன். நான் தலையை ஆட்டக்கூட இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் திரும்பிப் போகாமல் அவர் நடந்து வந்தார். வந்து அந்த அம்மாவுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

அண்ணனைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது. வேலைக்குக் கூப்பிட வந்த ஆளைப் பார்க்கும் முகம்.

"பாவு வந்துச்சா?"

அண்ணன் அவர் கையிலிருந்த இழையைப் பார்த்தார். பிறகு, "வந்துக்கினே இருக்குதும்மா" என்றார்.

"சீக்கிரம் சொல்லு. பொழுது எறங்கினா கண்ணு தெரியாது."

எந்த ஊரும்மா என்று அண்ணன் கேட்டார். அந்த அம்மா அடுத்த இழையை எடுத்தார். பிள்ளைகள் பெயர் கேட்டார். அவர் விபூதியைத் தொட்டுக்கொண்டார். யார் தறிக்குப் பிணைப்பீர்கள் என்று கேட்டதும் மடமடவென்று ஏதேதோ வீட்டுக்காரர்களைச் சொன்னார். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை. பேச்சைக் கேட்டால் ஆரணிப் பக்கமாக இருக்கலாம் என்று அண்ணன் சொன்னார். அங்கேயும் பட்டுத் தறிதான், அங்கேயும் பாவு தீரும், அங்கேயும் ஒருத்தி உட்கார்ந்து சாம்பல் தொட்டுப் பிணைப்பாள். இது எங்கள் இருவருக்கும் தெரியாததா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அந்தக் காலையில் ஏனோ தோன்றவில்லை. பிணைக்கிற விரல் என்றால் அது காஞ்சிபுரத்து விரல், அதிலும் எங்கள் தெரு விரல், அதிலும் எங்கள் வீட்டு விரல் என்று எடுத்துக்கொண்டோம். வேறு ஊர்க்காரர் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் ஒரு கிழவி விபூதி எடுக்கிறாள் என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்; வந்திருக்கவும் மாட்டார், இப்படித் திரும்பவும் மாட்டார்.

அண்ணன் பன் பொட்டலத்தைப் பிரித்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி இழையை எடுத்தார். உடம்பில் இருந்த புடவை முழங்கால் வரை கிழிந்திருந்தது. பையிலிருக்கும் புடவையை இவருக்குக் கொடுத்துவிடலாமே என்று நான் மெல்லச் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

அண்ணன் பையை இன்னும் இறுக்கினார். "அவ வந்தா இன்னா கட்டுவா?" என்றார்.

வீட்டில் அண்ணியின் புடவை பெட்டி நிறைய இருக்கிறது. அதை எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

"மூஞ்சிய எடுத்திருந்தீனா நான் கெளம்பியே இருக்கமாட்டேன்."

நான் கேமராவை எடுத்தேன்.  அந்த அம்மாவுக்கு நேரே உட்கார்ந்து, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா, உங்கள் வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. என் சட்டை ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைப் பார்த்தார். கையை நீட்டி அதைத் தொட்டார். எடுத்தேன். முழு முகம், பூ விழுந்த கண்ணோடு.

திரும்பி வரும் பேருந்தில் அண்ணன் தூங்கிவிட்டார். வாய் திறந்து, தலை என் தோளில் சாய்ந்து. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வந்தவாசி தாண்டியதும், கேமராத் திரையில் இருந்த அந்தப் படத்தைப் போனால் படம் பிடித்துக் குழுவில் போட்டு, ஆரணிப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் அனுப்புங்கள் என்று என் போன் எண்ணையும் எழுதினேன். பிழை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து போன் வர ஆரம்பித்தது. ஆரணியிலிருந்து ஒன்றுகூட இல்லை. விழுப்புரத்திலிருந்து ஒருவர், அது எங்கள் அம்மாதான், ஆனால் கண் இப்படி இருக்காது என்றார். குடியாத்தத்திலிருந்து ஒரு பெண், எங்கள் அத்தை மாதிரி இருக்கிறது, காதில் தோடு இருந்ததா என்று கேட்டு அழுதாள். சென்னையிலிருந்து ஒருவர் நேரே திருவண்ணாமலைக்கே போய்ப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்ல மட்டும் கூப்பிட்டார். இத்தனை பேர் வீட்டில் இத்தனை பெண்கள் வழிதவறிப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.  இல்லை என்று சொல்ல வேண்டும், சொன்னதும் மறுமுனையில் வரும் அமைதியைக் கேட்க வேண்டும். சில நாளில் போனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன்.

இதைக் கேள்விப்பட்ட அண்ணன், சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் போனை என்னிடம் கொடு, நான் பேசுகிறேன் என்றார். பாதி நெய்து நின்ற தறி ஓரத்தில் உட்கார்ந்து பேசுவார். அவர்கள் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார். உயரம் கேட்பார், நிறம் கேட்பார், பூ விழுந்த கண்ணைச் சொல்வார். இல்லைங்க, இது உங்களுது இல்லைங்க என்று சொல்வார். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கள் பக்கம் எங்கேயாவது ஒரு அம்மாவைப் பார்த்தீர்களா என்று தொடங்குவார்.

ஐப்பசியில் ஒரு தடவை மறுபடி திருவண்ணாமலை போனோம், அந்த அம்மாவுக்கு ஒரு புதுப் புடவை வாங்கிக்கொண்டு. மரத்தடி காலியாக இருந்தது. ஏதோ வண்டி வந்து தெருவில் இருந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது, எந்த இல்லத்துக்கு என்று தெரியவில்லை என்றார் டீக்கடை அம்மா. நாலு இடத்தில் விசாரித்தோம். முகப் படத்தைக் காட்டினோம். பார்த்தவர்கள் எல்லோரும் இல்லை என்றார்கள். அதில் உண்மையாகப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ. வாங்கிப் போன புடவையைத் திரும்ப எடுத்து வந்தோம். இடையில் வந்துபோன மகாளய அமாவாசைக்கு அண்ணன் வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. அதற்காக ஒரு சித்தப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இப்போது போன் குறைந்துவிட்டது. வந்தால் வாரத்துக்கு ஒன்று. நேற்று ஒன்று வந்தது. சேலத்துப் பக்கம் ஏதோ இல்லத்தில் வேலை செய்கிற பெண். திருவண்ணாமலை அம்மாவின் அந்த முகப் படம் யார் மூலமாகவோ அவளுக்குப் போயிருக்கிறது. அந்த அம்மா எங்களிடம் இல்லை, ஆனால் துணி ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருக்கிற இன்னொருவர் இருக்கிறார் என்றாள். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டார். போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், நான் நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன், அடையாளம் சொல்லுங்கள் என்றாள் அவள்.

அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். மாநிறம். சின்ன முகம். கழுத்து கொஞ்சம் குட்டை. பெரிய பொட்டு வைப்பாள், இப்போது வைக்கிறாளோ இல்லையோ. கையைப் பற்றி நிறையச் சொன்னார், விரல் எப்படி மடங்கும் என்பதை போனுக்கு எதிரே மடக்கியே காட்டினார். அந்தப் பெண் குறுக்கிட்டு, கையெல்லாம் இங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரிதாங்க இருக்குது, முகத்தில் ஏதாவது சொல்லுங்கள் என்றாள்.

"சிரிச்சா ஒரு தெத்துப்பல்லு தெரியும்மா" என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

அண்ணன் வாயைத் திறந்தார். ஒரு கை இடது கன்னத்துக்குப் போனது. அங்கிருந்து வலது கன்னத்துக்குப் போய், அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்பா அவளுக்கு? சோத்துக் கையா, பீச்சாங் கையா?"

எனக்குத் தெரியவில்லை. ஹலோ, ஹலோ என்றாள் அவள்.